காலண்டர் தாளின் பின்பக்கம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீடு முழுதாகத் திறப்பது வருடத்துக்கு ஒரு நாள், முன்னோருக்குப் படைக்கிற படைப்பன்றைக்கு. மற்ற நாளெல்லாம் முகப்பை ஒட்டிய அறையில் அப்பத்தாவும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டும். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, மாடி எல்லாம் பூட்டு. இந்தத் தடவை திறந்தபோது வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியிருக்கிற அறைகளில் இரண்டுக்குச் சாவி சேரவில்லை. ஈப்போவில் இருக்கிற பங்காளி ஒருவரிடம் இருக்கும் என்றார் ஒருவர். இல்லை, அவர் மகன் அமெரிக்கா போகும்போது பெட்டியோடு கொண்டுபோய்விட்டான் என்றார் இன்னொருவர். 26 பங்கு உள்ள வீட்டில் இதெல்லாம் சகஜம். அந்த இரண்டு அறையும் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன.

வளவில் வேலை செய்கிற ப்ளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதை அக்கா மகன் பிடித்துக்கொண்டான். 11 வயது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்கிற கையடக்க விளையாட்டுக் கருவியைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஒயர் எட்டும் தூரத்தில் தேக்குத் தூணில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். செல்டா தொடரின் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’. நான் பணியாரத் தட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மான், இந்த லிங்க்கும் படகுல போற லிங்க்கும் ஒரே ஆளா?”

இந்தக் கேள்விக்காக நான் இருபது வருடமாகக் காத்திருந்தேன் என்று சொன்னால் என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் நிஜம் அதுதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு பேப்பர் எடுத்துட்டு வா” என்றேன். ஓடிப்போய் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தான். “இன்னிக்குத் தேதியைக் கிழிச்சிராதடா” என்று அப்பத்தா குரல் கொடுப்பதற்குள் கிழித்தாகிவிட்டது.

‘தி லெஜெண்ட் ஆஃப் செல்டா’ தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஜப்பானில் நின்டெண்டோ 1986-இல் தொடங்கிய விளையாட்டுத் தொடர். நானும் அதே வருடம்தான் பிறந்தேன், அதனால் அதன் வயதை எப்போதும் மறப்பதில்லை. ஹைரூல் என்று ஒரு ராஜ்யம். பச்சைச் சட்டை போட்ட லிங்க் என்று ஒரு பையன். செல்டா என்று ஓர் இளவரசி. கேனன் என்று ஒரு பகைவன். ட்ரைஃபோர்ஸ் என்று மூன்று முக்கோணம் சேர்ந்த பொருள் ஒன்று, தொட்டவன் ஆசைப்பட்டதை நடத்திக் கொடுக்கும். பெரும்பாலான ஆட்டங்களில் இதே பெயர்கள், இதே முகச்சாயல். ஆனால் பல ஆட்டங்களில் ஆள் வேறு, காலம் வேறு. எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதுபோல. குடும்ப மரத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டிருக்கும். வெளியாள் படித்தால் தலை சுற்றும். செல்டாவைப் படிக்கிறவனுக்கும் அதே கதிதான்.

எனக்கு இது தொற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் காரைக்குடியில் வீடியோ கேம் என்றால், டிவியில் சொருகுகிற சீனப் பெட்டியும் மஞ்சள் கேசட்டும்தான். அதில் செல்டா வராது. அந்த விளையாட்டு விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கேசட்டுக்குள்ளேயே ஒரு பேட்டரி வேண்டும். நூறு விளையாட்டை ஒன்றாக அடைத்து விற்கிற கேசட்டில் எவன் பேட்டரி வைப்பான்? கல்லூரி படிக்கும்போது சென்னையில் ஒரு கடையில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியும் ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ என்ற செல்டா கேசட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கேசட் போலி. அணைத்துப் போட்டால் சில நாள் சேமித்த இடம் இருக்கும், சில நாள் இருக்காது. ஏழாவது கோட்டை வரைக்கும் போய்விட்டு, மறுநாள் திறந்தால், மழை இரவில் கட்டிலில் படுத்திருக்கிற பையன், சித்தப்பா கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார், மறுபடி முதலிலிருந்து. அந்த முதல் காட்சியை மட்டும் நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார். டைம்லைன், அதாவது காலக்கோடு என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சரி, காலண்டர் தாள். கதை நடக்கிற வரிசையில் ஆட்டங்களை எழுத மேலிருந்து ஒரு கோடு இழுத்தேன். உச்சியில் ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்’. 2011-இல் வந்தது, ஆனால் கதைப்படி எல்லாவற்றுக்கும் மூத்தது. அதற்குக் கீழே ‘மினிஷ் கேப்’, ‘ஃபோர் ஸ்வோர்ட்ஸ்’. பிறகு ‘ஒகரினா ஆஃப் டைம்’, 1998. அங்கே பேனாவை நிறுத்தி ஒரு புள்ளி வைத்தேன். தகராறு முழுக்க அந்தப் புள்ளியில்தான்.

ஒகரினாவில் லிங்க் சின்னப் பையன். வாளை உருவுகிறான், ஏழு வருடம் தூங்கிவிடுகிறான், எழுந்தால் வாலிபன். தூங்கிய நேரத்தில் கேனன்டார்ஃப் நாட்டைப் பிடித்துவிட்டான். கேனனின் மனித உருவத்துக்குத்தான் அந்தப் பெயர். லிங்க் அவனைத் தோற்கடிக்கிறான். கடைசியில் செல்டா, “உன்னிடமிருந்து பறிபோன ஏழு வருடத்தை நீ வாழ்ந்துகொள்” என்கிற மாதிரி அவனைத் திரும்பப் பழைய காலத்துக்கே அனுப்பிவிடுகிறாள். அவன் மறுபடி சிறுவனாகி, சிறுமி செல்டாவின் முன்னால் போய் நிற்கிறான். ஆட்டம் முடிகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவனை அனுப்பிவைத்த அந்தப் பெரிய செல்டா என்ன ஆனாள்? அவள் நாடு அப்படியே இருக்கிறதா, இல்லை அழிந்துவிட்டதா? ஆட்டம் பதில் சொல்லாது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எல்லா ஆட்டத்தையும் ஒரே நூலில் கோத்துவிடலாம் என்றவர்கள் ஒற்றைக்கோட்டுக்காரர்கள். இல்லை, அங்கே காலம் இரண்டாகப் பிளந்தது, சிறுவன் போன காலம் ஒன்று, அவன் விட்டுவிட்டுப் போன காலம் இன்னொன்று என்றவர்கள் இரட்டைக்கோட்டுக்காரர்கள். 2002-இல் ‘விண்ட் வேக்கர்’ வந்த சமயத்தில், தொடரைப் பார்த்துக்கொள்கிற எய்ஜி அவோனுமாவே ஒகரினாவுக்கு ஒரு வகையில் இரண்டு முடிவு உண்டு, புது ஆட்டம் பெரிய லிங்க் ஜெயித்த காலத்துக்கு நூறு வருடம் கழித்து நடக்கிறது என்று பேட்டியில் சொன்னார். 2006-இல் வந்த ‘ட்வைலைட் பிரின்சஸ்’ மற்ற கோட்டில் உட்கார்ந்தது. இரட்டைக்கோட்டுக்காரர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என் போலிக் கேசட்டில் இருந்த அதே ஆட்டம், ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’. 1991-இல் வந்தது, ஒகரினாவுக்கு ஏழு வருடம் முன்னால். அதன் முன்கதை இது: கேனன் முழு ட்ரைஃபோர்ஸையும் கைப்பற்றிவிட்டான், ஏழு ஞானிகள் அவனைப் புனித நிலத்துக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒகரினா அந்த முன்கதையைத்தான் காட்ட வந்தது என்று நம்பினோம். ஏழு ஞானிகளும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒகரினாவில் கேனனுக்கு முழு ட்ரைஃபோர்ஸ் கிடைக்கவே இல்லை, மூன்றில் ஒரு பங்குதான். பெரிய லிங்க் கோட்டில் நாடே கடலுக்குள் போய்விடுகிறது. சின்ன லிங்க் கோட்டில் கேனன்டார்ஃபின் சதி முன்கூட்டியே தெரிந்து, அவனைப் பிடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். இரண்டிலும் 1991 கதை பொருந்தாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அளவு எல்லாம் சரியாக இருந்து, நடுவில் ஒரு கிணறு மட்டும் யார் பங்கிலும் சேராமல் நிற்குமே, அந்த மாதிரி.

2011 டிசம்பரில் தொடரின் 25-ஆம் ஆண்டுக்காக ஜப்பானில் ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்ற புத்தகம் வந்தது. அதில் நின்டெண்டோவே முழு வரிசையையும் போட்டுவிட்டது. கோடு இரண்டு இல்லை, மூன்று. மூன்றாவது கோட்டின் தலைப்பைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம்: கடைசிச் சண்டையில் வீரன் தோற்றுப்போன காலம்.

அதாவது, ஒகரினாவில் கடைசிப் போரில் லிங்க் செத்துவிட்டால்? கேனன் மற்ற இரண்டு பங்கையும் பிடுங்கிக்கொள்வான். ஞானிகளுக்கு வேறு வழி இல்லை, அவனை ட்ரைஃபோர்ஸோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அங்கிருந்து 1991 ஆட்டம் தொடரும். 1986-இல் வந்த முதல் ஆட்டமும் அந்தக் கோட்டின் வால் பக்கம்தான்.

திட்டாதவர் குறைவு. ஒட்டுப்போட்டுவிட்டார்கள் என்றார்கள். முக்கியமான வாதம் இது: தோற்றால் ஒரு கோடு என்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும்தானே தோற்கலாம்? அந்த ஒரு சண்டைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? நியாயமான கேள்வி. நான் மட்டுமே முதல் கோட்டையில் சிலந்தியிடம் ஆறு தடவை செத்திருக்கிறேன், அப்போது ஆறு கோடு எங்கே? சிலர் இன்னும் தலைகீழாகப் போனார்கள். தோற்ற கோடுதான் அசல். 1991 ஆட்டத்தின் முடிவில் லிங்க் ட்ரைஃபோர்ஸிடம் கேட்கிற வரத்தால்தான் பழைய தோல்வி வெற்றியாக மாறி, மற்ற இரண்டு கோடும் பிறந்தன என்று ஒரு கதை கட்டினார்கள். ஆதாரம் பெரிதாக இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு கேட்க அற்புதமாக இருக்கும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் கோடு எனக்குப் பிடிக்கும். ஒட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒட்டுப்போட்ட துணியின் கிழிசலைப் பாருங்கள். 1991 ஆட்டத்தோடு வந்த கையேட்டுக் கதையில், கேனனை எதிர்க்க வாள் தயாராக இருந்தது, அதைப் பிடிக்க ஓர் ஆளைத் தேடினார்கள், ஆள் அகப்படுவதற்குள் படை வந்துவிட்டது என்று வரும். வீரன் தோற்றான் என்றுகூட அங்கே இல்லை. வீரனே வரவில்லை. இருபது வருடம் கழித்து புத்தகம் எழுதியவர்கள் அந்த வெற்றிடத்தில் ஒரு பிணத்தைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இதைத் தாளில் வரைந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. மூன்று கோட்டுக்கும் தலையில் அக்கா மகன் ஒவ்வொரு லிங்க் படம் போட்டான். நான் ஒவ்வொரு கோட்டிலும் ஒகரினா லிங்க் கடைசியில் என்ன ஆனான் என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

இடது கோடு: செத்துவிட்டான்.

நடுக்கோடு: திரும்பிச் சிறுவனாகப் போனான். பிறகு காணாமல்போன தோழியைத் தேடிக் காட்டுக்குள் போய்விடுகிறான், அதுதான் ‘மஜோராஸ் மாஸ்க்’. ‘ட்வைலைட் பிரின்சஸி’ல் எலும்புக்கூடாக ஒரு பழைய வீரன் வந்து புது லிங்க்குக்கு வாள்வித்தை கற்றுக்கொடுப்பான். தான் கற்றதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டோமே என்ற குறை அவனுக்கு. அவன்தான் ஒகரினா லிங்க் என்று ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ சொல்கிறது. காலத்தையே காப்பாற்றியவன், அந்தக் கோட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

வலது கோடு: செல்டா அவனை அனுப்பிவிட்டாள், அந்த நாட்டில் அவன் இல்லை. கேனன் திரும்பி வந்தபோது ஜனங்கள் பழைய வீரன் வருவான் வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. தெய்வங்கள் ஹைரூலை வெள்ளத்தில் மூழ்கடித்தன. மலையுச்சிகள் தீவுகளாக மிஞ்சின. ‘விண்ட் வேக்க’ரில் படகு ஓடுகிற கடலுக்கு அடியில் ஒரு ராஜ்யம் அசையாமல் கிடக்கும். லிங்க் முதல்முறை கீழே இறங்கும்போது எல்லாம் நிறம் போய், உறைந்து, அரக்கர்கள் ஓங்கிய கையோடு நின்றிருப்பார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு எங்கள் மூன்றாம் கட்டுதான் நினைவுக்கு வந்தது. யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போன மாதிரி பந்திப்பாய் சுருட்டாமல் கிடக்கும், மேலே தூசி.

மூன்று கோட்டிலும் அவன் ஊரில் இல்லை. நாங்கள் இருபது வருடமாக அவன் எங்கே போனான், எந்தக் கோட்டில் போனான் என்றுதான் சண்டை போட்டிருக்கிறோம். அவன் போன பிறகு ஊர் என்ன ஆனது என்பதுதான் அடுத்தடுத்த ஆட்டங்கள் அத்தனையிலும் கதை.

“அப்ப நான் ஆடுறது எந்தக் கோடு?” என்றான் அக்கா மகன்.

இதற்கு உப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ 2017-இல் வந்தது. அதில் பாறையை உடைத்தால் கல்லுப்பு கிடைக்கும், சமையலுக்குப் போடலாம். அதன் குறிப்பில், இது பழங்காலக் கடலின் உப்பு உறைந்தது என்று இருக்கும். அதைப் பார்த்ததும் ஒரு கூட்டம் குதித்தது: பார்த்தாயா, ஹைரூல் கடலுக்கடியில் இருந்திருக்கிறது, எனவே இது ‘விண்ட் வேக்கர்’ கோடுதான்! மேலும் அதில் ரீட்டோ என்ற பறவை மனிதர்கள் வருகிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு சோரா என்ற மீன் மனிதர்களிலிருந்து மாறிவந்தவர்கள் ரீட்டோக்கள். உடனே இன்னொரு கூட்டம் கேட்டது: அப்படியானால் அதே ஆட்டத்தில் சோராக்களும் எப்படி இருக்கிறார்கள்? தவிர, ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்டி’லேயே ஒரு மணற்கடல் உண்டு, அதற்கும் முந்தைய காலத்தில் அது நிஜக் கடல். உப்பு அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா? ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொண்டு இத்தனை.

ஆங்கிலப் பதிப்பில் செல்டா லிங்க்குக்கு வீரப் பட்டம் சூட்டும்போது சொல்கிற வாசகத்தில் வானமும் வருகிறது, காலமும் வருகிறது, அந்திவெளிச்சமும் வருகிறது. மூன்றும் பழைய மூன்று ஆட்டங்களைச் சுட்டும். அதனால் எல்லாக் கோடும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. 2023-இல் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ வந்து ஹைரூலின் முதல் ராஜாவைக் காட்டியதும், இது பழைய ஹைரூலே இல்லை, அழிந்த இடத்தில் புதிதாக நிறுவிய இரண்டாவது ஹைரூல் என்று இன்னொரு கட்சி. நின்டெண்டோவின் பிந்தைய பட்டியல்களில் இந்த இரண்டு ஆட்டமும் மூன்று கோட்டிலும் ஒட்டாமல் தனியாக நிற்கின்றன. ஆட்டம் எப்படி ஆட வேண்டும் என்பதை முதலில் செய்துவிட்டுக் கதையைப் பிறகுதான் வைக்கிறோம் என்று அவர்கள் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். நமக்குத்தான் பொறுக்கவில்லை.

ஏன் பொறுக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் பக்கத்து வீடுகளில் தெருவிலிருந்து நாலைந்து படி ஏறித்தான் முகப்புக்குப் போக வேண்டும். கேட்டால், முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள், கடல் ஊரைக் கொண்டுபோன பயம் ரத்தத்தில் இருந்தது, அதனால் தளத்தை உயர்த்திக் கட்டினார்கள் என்பார்கள். அதே கூட்டத்தில் இன்னொருவர், சோழ ராஜாவோடு மனவருத்தம், அதனால் கிளம்பினார்கள் என்பார். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படும். உயரமாகக் கட்டினால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று கொத்தனார் சொல்லியிருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு பெரியப்பா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. படி உயரம்தான் எங்கள் கல்லுப்பு.

பாட்டையா கதையும் அப்படித்தான். ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா. ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக, மேலாளுக்கு அடுத்த வேலையாளாகப் போனவர். மூன்று வருடக் கணக்கு முடிந்து வர வேண்டியவர், திரும்ப வேண்டிய வருடத்தில் சண்டை மூண்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் மலை வழியாக அசாமுக்கு நடந்தார்கள், வழியிலேயே செத்தவர்களும் கணக்கில்லாமல். படைப்பன்றைக்கு அவருக்கும் வேட்டி வைத்துப் படைக்கும்போது, நடந்து வந்தவர், வழியில் காய்ச்சலில் போய்விட்டார் என்பார்கள். சொத்துப் பேச்சு வரும்போது, இல்லை, கல்கத்தா வந்து சேர்ந்து ஒரு காகிதம் போட்டார், அந்தக் காகிதத்தில்தான் இந்த விவரம் இருந்தது என்று ஒரு பங்காளி வீட்டில் சொல்வார்கள். காகிதத்தை யாரும் பார்த்ததில்லை. இரண்டாம் கட்டில் பெண்கள் காய் நறுக்கும்போது மூன்றாவதாக ஒன்று இருந்தது. நான் உள்ளே நுழைந்தால் நின்றுவிடும். அங்கேயே ஒரு குடும்பம் இருந்தது என்கிற மாதிரி ஏதோ.

இதை நான் தாளில் எழுதவில்லை. எழுதாமலே எனக்கு மூன்று கோடும் தெரிந்தன.

தாளை அப்பத்தா பார்த்தது அப்போதுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். 90 வயதில் பார்வை நன்றாகவே இருக்கிறது.

“இது யாரு வகையறா? மூணாப் பிரிஞ்சிருக்கு. பிள்ளை கூட்டிப் போனாகளா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கேள்வியில் தப்பே இல்லை. எங்கள் ஐயாவே பிள்ளை கூட்டி, அதாவது சுவீகாரமாக வந்தவர்தான். பிறந்த வீட்டுக் கோட்டில் ஒரு பெயர் அறுந்து நிற்கும். மஞ்சள் நீர் குடித்த வீட்டுக் கோட்டில் வேறொரு பெயராக அவரே தொடங்குவார். இரண்டு குடும்ப மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காவிட்டால் அது ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒகரினாவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஓர் இடத்தில் கோடு அறுந்து, இன்னோர் இடத்தில் தொடங்கி. இத்தனை வருடம் வரைபடம் வரைபடமாகப் பார்த்த எனக்கு இவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை.

“வகையறா இல்லை அப்பத்தா, விளையாட்டு. இந்தப் பையன் ஒரு சண்டைக்குப் போறான். இதுல செத்துப் போறான். இதுல சின்னப் பிள்ளையாகி, வேற ஊருக்குப் போயிடுறான். இதுல அவனைத் திருப்பி அனுப்பிட்டாக, ஊரு தண்ணில மூழ்கிருச்சு.”

“மூணுல எதுல வீட்டுக்கு வந்தான்?”

“எதுலயும் வரலை.”

அப்பத்தா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

“அப்ப வீட்டை யாரு பார்த்துக்கிட்டா?”

அக்கா மகன் முந்திக்கொண்டான். “செல்டா, அப்பத்தா. இந்த ஆட்டத்துல லிங்க் நூறு வருஷம் தூங்குறான். அதுவரைக்கும் அவ கோட்டைக்குள்ள இருந்து கேனனைப் பிடிச்சு வச்சிருப்பா.”

“ஒத்தையாவா?”

“ஒத்தையா.”

“நூறு வருஷம்?”

“ஆமா.”

“அவ பேரு என்னன்ன?”

“செல்டா. விளையாட்டுப் பேரே அதுதான்.”

அப்பத்தா முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தூணுக்கு அந்தப் பக்கம் மெல்ல உட்கார்ந்தார். கால் நீட்ட இடம் வேண்டும் என்று என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு அவன் முழங்கையைத் தட்டினார்.

“வெளிச்சத்துக்கு இப்படித் திருப்பிப் பிடி. அவ வர்ற இடத்தைப் போடு.”

“அதுக்கு இன்னும் ரொம்ப நேரம் ஆகும் அப்பத்தா. இப்பதான் முதல் மிருகத்தையே அடிக்கப் போறேன்.”

“இருக்கட்டும். நான் எங்க போகப் போறேன்.”